டொரோரோ பார்த்தவங்க: எந்த இடத்துல நிறுத்திட்டு எழுந்து போனீங்க?

இரவுப்பேருந்து

2019ல வந்த ஜப்பான் அனிமே தொடர் டொரோரோதான். பேய்களுக்கு உடம்பைப் பறிகொடுத்த ஹியாக்கிமாரு, கட்டைக் கைக்குள்ள கத்தி வெச்சுக்கிட்டு ஒவ்வொரு பேயாக் கொன்னு உறுப்பைத் திரும்ப வாங்கற கதை. அவன்கூடவே சுத்தற சின்னப் பிள்ளைதான் டொரோரோ. இன்னும் பார்க்காதவங்க கீழ வராதீங்க, எல்லாத்தையும் உடைச்சுதான் பேசப்போறேன்.

எனக்கு அஞ்சாவது எபிசோட். நாலாவதுல அந்தப் பேய் வாளோட சண்டை முடிஞ்சதும் ஹியாக்கிமாருவுக்குக் காது திரும்ப வருது இல்லையா. பொறந்ததுலேர்ந்து ஒரு சத்தமும் கேக்காதவன். முதமுதல்ல அவன் காதுல விழறது, அண்ணனைப் பறிகொடுத்த ஒரு பொண்ணோட அழுகை. சரி, இனிமே பையன் தேறிடுவான்னு நினைச்சுக்கிட்டு அடுத்ததைப் போடறேன். அவன் காதைப் பொத்திக்கிட்டுச் சுருண்டு உக்காந்திருக்கான். எது கிட்ட, எது தூரம்னு இல்லாம எல்லாச் சத்தமும் ஒண்ணா மண்டைக்குள்ள இறங்குது. சண்டைகூட ஒழுங்காப் போட முடியல.

அங்க நிறுத்திட்டு மொட்டைமாடிக்குப் போயிட்டேன்.

என் பொண்ணுக்குக் காது கேக்கறதுக்காக காக்லியர் கருவி வெச்சப்போ ரெண்டரை வயசு. ஆபரேஷன் ஆகி மூணு வாரம் கழிச்சு அந்தக் கருவியை முதல்தடவை ஸ்விட்ச் ஆன் பண்ற நாள். வீட்டுலேர்ந்து ஒம்பது பேர் போனோம். மச்சான் ஃபோனைத் தூக்கிப் பிடிச்சு வீடியோ எடுக்கத் தயாரா நிக்கறான். இந்த மாதிரி வீடியோல எல்லாக் குழந்தையும் சிரிக்குமே, அதுக்காக. இவ சிரிக்கல. அலறினா. தலையில ஒட்டியிருந்த காயிலை, அதான் கருவியோட வெளிப்பாகத்தை, பிடுங்கி வீசினா. அதுல காந்தம் இருக்கும், போய் மேசையோட இரும்புக் கால்ல ஒட்டிக்கிச்சு. நான் குனிஞ்சு அதைப் பிடுங்கித் திரும்ப அவ தலையில ஒட்டினேன். மூணு தடவை. மூணாவது தடவை அவ கையைப் பிடிச்சுக்கிட்டு ஒட்டினேன்.

நல்லதுதானே பண்றோம்னு நினைச்சேன். அந்தப் பையன் காதைப் பொத்தினதைப் பார்த்தப்புறம்தான் அந்த மூணாவது தடவை ஞாபகம் வந்துச்சு. இன்னும் போகல.

நெல்லைக்காரி

எங்க ஆச்சிக்கு ஜப்பான் பாஷையும் தெரியாது, கீழ ஓடுத இங்கிலீஷும் தெரியாது. நான் ஹால்ல போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தா பக்கத்துல உக்காந்து முருங்கக்கீரை உருவிக்கிட்டே, "அவன் ஏன் கையக் கழத்துதான்? உள்ள கத்தியா வச்சிருக்கான்?"னு கேட்டுக்கிட்டு இருப்பா. நான் கதை சொல்லணும்.

ஆறாவது எபிசோட், மியோ சாவுத இடம். ராத்திரியில ரெண்டு பக்கத்துப் படைகிட்டயும் போயி உடம்ப வித்து அநாதப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊத்துனவ. ஆச்சிகிட்ட அத மட்டும் நான் சொல்லல. "எங்கயோ வேலைக்குப் போறா ஆச்சி"ன்னு சொல்லி வச்சிருந்தேன். கடைசியில அவங்க இருந்த பாழடஞ்ச கோயிலு எரிஞ்சு, பிள்ளைகளும் அவளும் கெடக்காங்க, ஒரு சின்னப் பை கெடக்கு. ஆச்சி கீரைய அப்படியே போட்டுட்டா. "ஏட்டி, அது வெதநெல்லுல்லா?" சப்டைட்டில் வாரதுக்கு முன்ன சொல்லிட்டா. பொறவு கொஞ்ச நேரம் கழிச்சு, "வெதநெல்ல யாரும் சும்மா குடுக்க மாட்டாவளே. அவ என்ன வேலைக்குப் போனான்னு எனக்கு அப்பவே தெரியும்"னா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரெண்டு எபிசோடா கிழவிகிட்ட நான் மறைச்சுக்கிட்டு இருந்தேன்னு நெனச்சது எனக்கே சிரிப்பா இருக்கு, சிரிக்கவும் முடியல.

ஹியாக்கிமாரு மொதமொதல்ல வாயத் திறந்து சொன்ன பேரு மியோ. அதுக்கெல்லாம் காரணம் அவன் அப்பன் டைகோ. அவன மட்டும் கையில குடுத்தா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது.

கோட்டுச்சித்திரம்

எல்லாரும் அழுத கதை சொல்றீங்க. நான் கோபப்பட்ட கதை சொல்றேன்.

15ஆவது எபிசோட். அந்தப் பட்டுப்பூச்சிப் பேய் ஊர். போட்டதும் ஃபோன் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். நிஜமா. கோடெல்லாம் மாறிப்போச்சு, மூஞ்சி வேற மாதிரி, நிறம் வேற மாதிரி. அப்ப நான் ஒரு அனிமேஷன் ஸ்டூடியோல இன்பிட்வீன் வேலை, அதான் ரெண்டு முக்கியப் படத்துக்கு நடுவுல வர்ற படங்களை வரையற வேலை, பார்த்துக்கிட்டு இருந்தேன், ஒரு கோடு அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனா திருப்பி அனுப்புவாங்க. "எங்களைப் போட்டு இந்தப் பாடு படுத்தறீங்க, ஜப்பான்ல இவன் கிறுக்கினதை ஒளிபரப்பிட்டாங்களே"ன்னு ஆபீஸ் குரூப்ல ஒரு பக்கத்துக்குத் திட்டி எழுதினேன்.

மறுநாள் எங்க சீனியர் அண்ணன் என் சீட்டுக்கு வந்து ஒண்ணுமே சொல்லாம அந்த ஊர் எரியற காட்சியைச் சத்தமில்லாம போட்டுக் காமிச்சார். "அந்த நெருப்பை உன் கோட்டுல வரைஞ்சு காமி"ன்னுட்டுப் போயிட்டார். நாலு நாள் வரைஞ்சேன். வரல.

அந்த எபிசோடை இயக்கினவர் ஒசாமு கொபயாஷி. அதுக்கு முன்னாடி குர்ரென் லகான்ங்கற தொடரோட நாலாவது எபிசோட்லயும் இதேதான் பண்ணி இதே வசவை வாங்கினவர். 2021ல இறந்துட்டார். நான் எழுதின மெசேஜை அழிக்கலாம்னு பார்த்தேன், ஆபீஸ் மாறினதும் குரூப்பே இல்லாம போச்சு.

பட்ஜெட் இல்லாம பண்ணினாங்கன்னு இனிமே யாராவது சொன்னா தயவுசெஞ்சு அந்தப் பத்து நிமிஷத்தைத் திரும்பப் பாருங்க. பிடிக்கலைன்னு சொல்லுங்க, சரி. சோம்பேறித்தனம்னு சொல்லாதீங்க.

ஏரிக்கரை

நெல்லைக்காரி அக்கா, டைகோவை உங்க கையில குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்.

பஞ்சம், கொள்ளை நோய், பக்கத்து நாட்டுக்காரன் படை. ஜனங்க செத்துக்கிட்டிருக்காங்க. 12 பேய்கிட்டப் போய், எது வேணா எடுத்துக்க, என் நாட்டை வாழ வைன்னு கேக்கறான். பொறந்த பிள்ளையோட கை கால் கண் எல்லாம் போகுது. மழை பெய்யுது. 16 வருஷம் ஊர் சாப்பிடுது. அப்புறம் அந்தப் பையன் ஒவ்வொரு பேயா வெட்டி ஒவ்வொரு உறுப்பா வாங்கறான், அங்க திரும்பவும் பயிர் கருகுது. அந்த ஊர்க்காரன் என்ன பாவம் பண்ணான்? அவனும் மியோ மாதிரி விதைநெல் வெச்சிருந்தவன்தானே? இதுக்கு மூலமான தெசுகாவோட பழைய மாங்காவுல, அதான் படக்கதையில, டைகோ பதவி ஆசை பிடிச்ச ஆளு, வெறுக்கறது சுலபம். 2019ல வேணும்னே சிக்கலாக்கி வெச்சிருக்காங்க.

இப்ப என் கதை. எங்க ஊர் ஏரிக்கரையில ஒரு கன்னி சாமி இருக்கு. கரை நிக்காம உடைஞ்சு உடைஞ்சு போச்சாம், ஒரு பொண்ணை உள்ள வெச்சுக் கட்டினாங்களாம், அப்புறம் உடையலையாம். எத்தனையோ ஊர்ல இந்தக் கதை இருக்கு. ஆடி மாசம் பொங்கல் வெப்போம். சின்ன வயசுலேர்ந்து நான் அந்தப் பொங்கலைச் சாப்பிட்டவன்.

12ஆவது எபிசோட்ல அவங்கம்மா அவனை நேருக்கு நேரா பார்த்து, உன்னைக் காப்பாத்த என்னால முடியாதுன்னு மன்னிப்புக் கேட்டுட்டுக் கத்தியால தன்னையே குத்திக்கறாங்களே. தினமும் தலையில்லாத அந்தக் கருணைத் தெய்வம் கன்னோன் சிலைக்கு முன்னாடி அவனுக்காக வேண்டிக்கிட்டவங்க. அவன் பலியாவே இருந்துடணும்னு அவங்களும் நினைக்கறாங்க. அங்கதான் நான் நிறுத்தினேன். எங்க ஊர்ப் பொண்ணு கரையை உடைச்சுக்கிட்டு எழுந்து வந்து, என் கையைக் குடுங்கடான்னு கேட்டா நாங்க என்ன பண்ணுவோம்? பொங்கல் வெப்போம், இல்ல திரும்பக் கட்டுவோம். குடுத்திருக்க மாட்டோம். டைகோவைத் திட்ட எனக்கு வாய் வரல, அவ்வளவுதான்.

நெல்லைக்காரி

தம்பி, அவன் தன் கையக் குடுத்திருந்தா நீ சொல்லுதது நியாயம். பிள்ள கையத்தான குடுத்தான்.

பனங்கூடல்

ஒன்பதாவது. டொரோரோ காய்ச்சலிலை கிடந்து தாயை நினைக்கிற பகுதி.

கஞ்சி ஊத்துகினம். இவையிட்ட ஏனம் இல்லை. தாய் ரெண்டு கையையும் சேர்த்து நீட்டுறா. கொதிக்கிற கஞ்சி. கையை எடுக்கேல்லை. பிள்ளை அதிலை குடிக்குது.

நான் அப்ப பதினொரு வயசு. 2009, சித்திரை கடைசி. எங்கட வரிசையிலும் கஞ்சிதான், தண்ணியும் கொஞ்ச அரிசியும் உப்பும். எங்களிட்ட ஒரு பால்மா பேணி இருந்தது, அதாலை அம்மாவின்ரை கை சுடேல்லை. எங்களுக்கு முன்னாலை நிண்ட மனிசியிட்ட ஒண்டும் இல்லை. அம்மா பேணியை அவவுக்குக் குடுக்கேல்லை. நான் கேட்டனான், "அம்மா, குடுப்பமே?" எண்டு. "நீ முதல் குடி" எண்டவ.

இப்ப மே மாதத்திலை முள்ளிவாய்க்கால் கஞ்சி குடுக்கேக்கை அம்மா பிளாஸ்ரிக் கோப்பை கட்டுக்கட்டா வாங்கிக்கொண்டு போவா. ஏன் இவ்வளவு எண்டு நான் கேக்கிறேல்லை.

பிறகு அந்தச் சிவப்புப் பூக்களுக்குள்ளை தாய் செத்துப் போறதை நான் இன்னும் பாக்கேல்லை. பத்தாவதிலை இருந்துதான் தொடர்ந்தனான்.

வாத்தியார்_இல்லை

நான் இதை 2020 ஊரடங்கில் இரண்டே நாளில் பார்த்து முடித்தேன். டொரோரோ பெண்பிள்ளை என்று தெரிந்த இடத்தில் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தேன். என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்லியாக வேண்டும். முதலில், இரண்டு நாளில் பார்க்காதீர்கள். மொத்தம் 24 எபிசோட், ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். டப்பிங்கில் பார்க்கவே பார்க்காதீர்கள். டொரோரோவுக்குக் குரல் கொடுத்த ரியோ சுசுகி அப்போது பள்ளி வயதுச் சிறுமி, அந்தக் குரல் உடைகிற இடங்களைப் பெரியவர்கள் நடித்து வரவழைக்க முடியாது. ஹியாக்கிமாருவுக்குக் குரல் கொடுத்த ஹிரோகி சுசுகி மேடை நடிகர். பல எபிசோட்களுக்கு அவருக்கு வசனமே இல்லை, மூச்சுதான். அதைக் கேட்கவாவது இயர்ஃபோன் போடுங்கள். முதல் ஓப்பனிங் பாட்டைத் தள்ளிவிடாதீர்கள், இரண்டாவதை வேண்டுமானால் தள்ளலாம் (இதற்குச் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும்).

இயக்குநர் கசுஹிரோ ஃபுருஹாஷி ருரோனி கென்ஷின் என்ற வாள்வீரன் தொடரை எடுத்தவர். ஆனால் அதை நம்பி வாள்சண்டைக்காகப் பார்க்க வருகிறவர்கள் ஏமாறுவார்கள், இதில் சண்டை சீக்கிரம் முடிந்துவிடும். முடிந்தால் ஒசாமு தெசுகாவின் மூலத்தையும் படியுங்கள். 1967இல் தொடங்கியது, அதில் பேய்கள் 48. 1969இல் 26 எபிசோட் கறுப்பு வெள்ளைத் தொடராகவும் வந்தது. 2007 திரைப்படத்தைக் கடைசியில் பாருங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

இரவுப்பேருந்து அவர்களுக்கு: காக்லியர் வைத்த குழந்தைகளுக்கு ஆரம்பத்தில் சத்தத்தைக் குறைவாக வைத்துப் படிப்படியாகத்தான் கூட்டுவார்கள். நீங்கள் பயிற்சி வகுப்பை விடாமல் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். குழந்தைக்குப் பின்பக்கமாக நின்று கூப்பிட்டுப் பழக்குங்கள். கவலைப்படாதீர்கள், சரியாகிவிடும்.

பனங்கூடல், ஒன்பதாவதை முழுவதும் பார்த்துவிடுவது நல்லது. பாதியில் விட்டால்தான் மனதில் நிற்கும்.

பனங்கூடல்

நிக்கட்டும்.

கோட்டுச்சித்திரம்

வாத்தியார், 1969 ஓப்பனிங் பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே? அதை விட்டுட்டு இரவுப்பேருந்தோட பொண்ணுக்கு மேப்பிங், அதான் கருவியில சத்த அளவைச் சரிபண்றது, சொல்லிக் குடுக்கறீங்க. இதுவரைக்கும் அவர் நூறு கிளாஸ் போயிருப்பார் சார்.

வாத்தியார்_இல்லை

நல்லெண்ணத்தில்தான் சொன்னேன்.

ஏரிக்கரை

டைகோவும் நல்லெண்ணத்துலதான் பண்ணான்.

நெல்லைக்காரி

இப்பம் வந்தியா வழிக்கு.

இரவுப்பேருந்து

நூறு இல்லை, எண்ணல. வாத்தியார் சொன்னது எல்லாம் சரிதான், தப்பா எடுத்துக்கல. பொண்ணுக்கு இப்ப ஒம்பது வயசு. நல்லாப் பேசுவா, என்னை விட அதிகமாப் பேசுவா. ஸ்கூல் விட்டு வந்ததும் காயிலைக் கழட்டி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சுட்டு அரை மணி நேரம் தனியா உக்காந்து வரைவா. அந்த அரை மணி நேரம் யாரும் கூப்பிடக்கூடாது, கூப்பிட்டாலும் கேக்காது.

இந்தத் தொடரை அவகிட்டக் காட்டற வயசு இல்லை. நேத்து அந்த ஒரு நிமிஷத்தை மட்டும், அவன் காதைப் பொத்தி உக்காந்திருக்கறதை மட்டும் ஃபோன்ல காமிச்சேன். ஏன் காமிச்சேன்னு கேக்காதீங்க. மன்னிப்புக் கேக்கற மாதிரி ஏதாவது சொல்லலாம்னு வாயைத் திறக்கறதுக்குள்ள அவ பார்த்துட்டுச் சொன்னா:

"அப்பா, இவனுக்கு மேப்பிங் சரியாப் பண்ணல. கழட்டிடச் சொல்லு."

அவனால கழட்ட முடியாதும்மா, அது நிஜக் காதுன்னு சொன்னேன். "அய்யோ பாவம்"னுட்டு ஃபிரிட்ஜ் பக்கம் போயிட்டா.