ஆல்ட்டோ பாடும்போது குரல் மெட்டுக்கே போய்விடுகிறது, என்ன செய்யலாம்?

பாளை ஆல்ட்டோ:
எங்கள் சிஎஸ்ஐ ஆலயக் கொயரில் (பாடகர் குழு) இந்த வருடம்தான் சேர்ந்தேன், மெட்டுக்குக் கீழே வரும் பெண்குரல் பாகமான ஆல்ட்டோ பாடுகிறேன். வீட்டில் தனியாகப் பாடினால் சரியாக நிற்கிறது, ஆனால் சனிக்கிழமை பயிற்சியில் மெட்டைப் பாடும் பக்கத்து சொப்ரானோ அக்காமார் ஆரம்பித்ததும் என் குரலும் அவர்கள் பின்னாலேயே போய்விடுகிறது. கரோல் ஆராதனை வேறு நெருங்குகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

டெனர் அண்ணன்:
வார்த்தையை விட்டுவிட்டு முதலில் சொல்ஃபாவிலேயே (டோ, ரே, மீ என்ற ஸ்வரப் பெயர்களில்) பாடு தங்கச்சி. சொப்ரானோ ஸோ, லா, ஸோ என்று ஏறி இறங்கும் இடத்தில் ஆல்ட்டோ பல பாட்டுகளில் மீ, ஃபா, மீ என்று கீழே கூடவே வரும். அந்த ஸ்வரப் பெயர் வாயில் பதிந்த பிறகு வார்த்தையைச் சேர்.

மதுரைக்காரி:
இது எல்லோருக்கும் வருவதுதான். கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கீர்த்தனைகளைச் சபையே ஒரே மெட்டில் பாடக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம், காது மெட்டைத்தான் தேடும். ஓரத்தில் நிற்காதீர்கள், பழைய ஆல்ட்டோ இரண்டு பேருக்கு நடுவில் நில்லுங்கள். ஆர்கன் வாசிப்பவரிடம் சொப்ரானோவை மட்டும் வாசிக்கச் சொல்லி போனில் பதிவு செய்து, அதைப் போட்டுக்கொண்டே உங்கள் பாகத்தைப் பாடிப் பழகுங்கள்.

டெனர் அண்ணன்:
ஆமாம், ஆனால் சத்தத்தைக் கூட்டி ஜெயிக்கப் பார்க்காதே. அக்காமார் குரல் காதில் விழும் அளவுக்கு மெதுவாகப் பாடு.