கெணத்துல தண்ணி, ரோட்டுல பனி: மார்கழியில எதை முதல்ல பிடிக்கறது?

பையூர்க்காரன் | மார்கழி 3, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் நம்ம ஊரு. வயசு 36, கிருஷ்ணகிரியில ஆபீஸ் வேலை. ரெண்டு வருஷமா சைக்கிள் ஓட்டறேன், நாலு ஹாஃப் மாரத்தான் ஓடியிருக்கேன். அடுத்த வருஷக் கடைசியில கோவாவுல நடக்கற அயர்ன்மேன் 70.3 டிரையத்லான் போட்டிக்குப் போறதுன்னு முடிவு. தெரியாதவங்களுக்காக: 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், ஈரம் காயறதுக்குள்ள 90 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மூணையும் மைல்ல கூட்டினா 70.3, அதான் பேரு. மொத்தம் 8 மணி 30 நிமிஷத்துக்குள்ள முடிக்கணும்.

நமக்கு நீச்சல்தான் இடிக்குது. சின்ன வயசுல சுரைக்குடுக்கை கட்டிக்கிட்டு கெணத்துல கத்துக்கிட்டது. தலை தண்ணிக்கு மேலயேதான் இருக்கும், முகத்தை உள்ள விட்டா மூச்சு முட்டும்.

வாரத்துக்கு 8 மணி நேரம் ஒதுக்க முடியும். மார்கழி, தை, மாசிக்கு என் கணக்கு: சைக்கிள் 5, ஓட்டம் 2, நீச்சல் 1. ஞாயித்துக்கிழமை காலை 4.30-க்குக் கெளம்பி ஹைவேல சூளகிரி வரைக்கும் போய்த் திரும்பறது. சரியா இருக்கா?

கிணத்துத்தவளை | மார்கழி 3, இரவு 10.15

தம்பி, கணக்கு தலைகீழா இருக்கு. நீச்சல் 4 போடு, மீதியை மத்த ரெண்டுக்கும் பிரிச்சுக்கோ.

நீச்சலுக்கு மட்டும் தனியா 1 மணி 10 நிமிஷம்னு கெடு இருக்கு, அதை நீ எழுதவே இல்ல பாரு. முதல் தடவை போனப்ப நான் 74-வது நிமிஷத்துல கரை ஏறினேன். ஒருத்தர் குனிஞ்சு என் கணுக்கால்ல இருந்த, நேரம் பதியற சிப்பைக் கழட்டிக்கிட்டார். ரொம்ப மரியாதையாத்தான் கழட்டினார். ரெண்டு மாசச் சம்பளம் போட்டு வாங்கின சைக்கிள் ஸ்டாண்டுல காத்துப் புடிச்சு, செயின் தொடைச்சு, பளபளன்னு நிக்குது. அதை ரூம் வரைக்கும் உருட்டிக்கிட்டே வந்தேன். அன்னைக்கு முழுக்க அது சுத்தின தூரம் அவ்வளவுதான்.

சங்கிலிச்சத்தம் | மார்கழி 4, காலை 6.20

தவளை அண்ணா கதை உருக்கமாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தர் மூழ்கினதுக்காக எல்லாரும் மீனா மாறணுமா?

நேரத்தைப் பாருங்க. நம்ம பையூர்க்காரர் மாதிரி ஆளுக்கு நீச்சல் 65 நிமிஷம், சைக்கிள் 24 வேகத்துல 3 மணி 45 நிமிஷம். ரெண்டு இடத்துல உடுப்பு மாத்த கால் மணி நேரம். ஓட்டத்துக்கு மிச்சம் 3 மணி 25 நிமிஷம். வேகத்தை 24-ல இருந்து 27-க்குக் கொண்டு வந்தா 25 நிமிஷம் மிச்சம். 65 நிமிஷ நீச்சலை 55 ஆக்க உயிரை விட்டாலும் கிடைக்கறது 10 நிமிஷம். பாதிப் போட்டி சைக்கிள் சீட்டு மேலதான் நடக்குது. செத்த காலோட இறங்கினா 21 கிலோமீட்டரும் நடைபயணம்தான்.

இன்னொண்ணு. நம்ம ஜில்லாவுல நாலு மணி நேரம் சேர்ந்தாப்புல ஓட்டற மாதிரி இருக்கறதே இந்த மூணு மாசம்தான். பங்குனி பொறந்துட்டா எட்டு மணிக்கே மண்டை காயும். இப்ப ஓட்டாம எப்ப ஓட்டறது?

கிணத்துத்தவளை | மார்கழி 4, காலை 7.05

அதே கேள்விதான் நானும் கேக்கறேன். கெணத்துல தண்ணி எப்ப இருக்கும்? ஐப்பசி, கார்த்திகை மழையில ஏறின தண்ணி இப்பதான் படி தொட்டு நிக்குது. சித்திரையில எங்க கெணத்துல மோட்டார் பைப்பு அடியில இருக்கற ஃபுட்வால்வே வெளிய தெரியும். அப்ப இந்தத் தம்பி எங்க நீந்துவார், தொட்டியிலயா?

25 நிமிஷம் மிச்சம் பண்றீங்க, சந்தோஷம். கரை ஏறவே விடலைன்னா அந்த 25-ஐ எங்க கொண்டு போய்ச் செலவு பண்ணுவீங்க? கோவாக் கடல்ல வெட்சூட்டும், அதான் மிதக்க உதவற ரப்பர் உடுப்பும், கிடையாது. அதுக்குத் தண்ணி குளிரா இருக்கணும், அங்க வெதுவெதுன்னுதான் இருக்கும். மிதக்க வைக்க ரப்பர் உதவாது, மூச்சுதான் உதவணும். மூச்சு மூணு வாரத்துல வராது, மூணு மாசத்துல வரும்.

தர்மபுரி டீச்சர் | மார்கழி 4, இரவு 8.50

நீங்கள் இரண்டு பேரும் எட்டு மணி நேரத்தைப் பங்கு போடுகிறீர்கள். அந்த 4.30-ஐ யாருமே கேட்கவில்லையே?

மார்கழியில் விடிவதே ஆறரைக்கு மேல். போன தை மாதம் நானும் இப்படித்தான் இருட்டில் ஹைவேயில் போனேன். சைக்கிள் விளக்கு வெளிச்சம் பனியில் பட்டு வெள்ளைத் திரை மாதிரி என் முகத்துக்கே திரும்பி வந்தது. திரைக்குள் ஏதோ கறுப்பாக இருந்தது, பாலத்துச் சுவர் என்று நினைத்தேன். பின் விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிறுத்தியிருந்த லாரி. பிரேக் பிடித்து நின்றபோது அதன் தார்ப்பாயிலிருந்து சொட்டிய தண்ணீர் என் ஹெல்மெட்டில் விழுந்தது. அன்றோடு இருட்டுச் சவாரியை விட்டுவிட்டேன்.

இப்போது வார நாளில் மொட்டை மாடியில், சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் டிரெய்னர்தான், இரவு ஒன்பது மணிக்கு, முக்கால் மணி நேரம். இறக்கத்தில் சும்மா உட்கார வழியே இல்லை, நின்றால் நின்றதுதான்.

இன்னொன்று, ஆண்கள் இதைப் படித்துக் கோபப்பட வேண்டாம். நாலரைக்குக் கிளம்புகிறவருக்கு வீட்டில் காபி போட்டுக் கொடுக்கவும், பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பவும் ஒருத்தி இருக்கிறாள். எட்டு மணி நேரக் கணக்கில் அவள் நேரமும் சேர்த்தியா?

பையூர்க்காரன் | மார்கழி 4, இரவு 9.15

மேடம், இதை வீட்டுல படிச்சுக் காட்டிட்டேன். காட்டியிருக்கக் கூடாது.

தளி ரோடு | மார்கழி 5, மதியம் 1.30

ஹைவே வேண்டாம்னு யாராச்சும் இவரை தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் அனுப்பி வெச்சுடாதீங்க. ராகி அறுவடை நேரம். பன்னேர்கட்டா காட்டுல இருந்து யானைங்க இறங்கி ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை சுத்துவட்டாரத்துல மேயற சீசன் இது. பொழுது விடியறப்பதான் வயலை விட்டுக் காட்டுக்குத் திரும்பும், ரோட்டைத் தாண்டித்தான் திரும்பும். கார்ல வர்றவனுக்கு ஹெட்லைட்டும் இன்ஜின் சத்தமும் இருக்கு. சைக்கிள் சத்தமில்லாம வந்து நிக்கும், அதான் வம்பு.

சங்கிலிச்சத்தம் | மார்கழி 5, மாலை 6.45

டீச்சர் சொன்னதை ஒத்துக்கறேன், 4.30 தப்பு. ஆனா அவங்க சொன்னது என் கட்சிக்குத்தான் பலம். பனி எட்டு மணிக்கு விலகிடும். மார்கழியில எட்டுல இருந்து பன்னண்டு வரைக்கும் வெயில் இதமாத்தான் இருக்கும். வருஷத்துல வேற எந்த மாசத்துல பகல்ல நாலு மணி நேரம் ஓட்ட முடியும்? மத்தூர் வழியா ஊத்தங்கரை போய்த் திரும்பினா கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். ஹைவே லாரிக் கூட்டம் அங்க இல்ல, டீக்கடைக்கும் குறைவில்ல.

ஓரமா ஓடறவன் | மார்கழி 5, மாலை 7.30

தவளையாரும் சங்கிலியாரும் போடற சண்டை புதுசு இல்ல. நீச்சல்காரன் கெட்டியா, ஓட்டக்காரன் கெட்டியா, சைக்கிள்காரன் கெட்டியான்னு ஹவாய்ல பேச்சு முத்திப் போய்த்தான், ஜான் காலின்ஸ்னு ஒரு கடற்படை அதிகாரி மூணையும் ஒரே நாள்ல வைக்கலாம்னு கெளப்பிவிட்டார். 1978-ல நடந்த அந்த முதல் அயர்ன்மேன்ல 15 பேர் இறங்கி 12 பேர் முடிச்சாங்க. ஜெயிச்ச கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிஷம் ஆச்சு. ரெண்டாவது வந்தவருக்கு வழியில தண்ணி தீந்து போய், கூட வந்தவங்க பீர் குடுத்தாங்களாம். பையூர்க்காரர் அந்த முறையைக் கடைப்பிடிக்க வேண்டாம்.

வேப்பங்கொட்டை | மார்கழி 5, இரவு 10.02

தோட்டத்துல ரெண்டு ஏக்கரா மண்வெட்டி புடிச்சா இதெல்லாம் தேவையே இல்ல. காசு குடுத்து யாராவது களைச்சுப் போவாங்களா? 36 வயசுல சின்னப் பசங்க விளையாட்டு.

ஓரமா ஓடறவன் | மார்கழி 5, இரவு 10.11

நடிகர் மிலிந்த் சோமன் 2015-ல சூரிச்ல முழு அயர்ன்மேனை, அதாவது இதுல சரியா ரெண்டு மடங்கை, 15 மணி 19 நிமிஷத்துல முடிச்சப்ப வயசு 49. மண்வெட்டி விஷயத்துல உங்களை எதிர்த்துப் பேச மாட்டேன்.

வேப்பங்கொட்டை | மார்கழி 5, இரவு 10.20

சரி, களி தின்னுட்டு ஓட்டலாமா, அதையாவது சொல்லுங்க.

தர்மபுரி டீச்சர் | மார்கழி 6, காலை 6.10

களி முந்தின நாள் மதியத்துக்கு. காலையில் உருண்டையை விழுங்கிவிட்டு ஏறினால் ஊத்தங்கரை வரைக்கும் அது வயிற்றிலேயே உட்கார்ந்து வரும். சைக்கிளில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து போக வேண்டும். வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவுக்கு இருக்கும், மீதிக்கு நாட்டுச்சர்க்கரை, எலுமிச்சை, உப்பு போட்ட தண்ணீர். மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் ஆகும், ஆனால் பொட்டலத்தில் போட்டிருக்கும் தண்ணீர் அளவு மாறக் கூடாது. குளிரில் தாகம் தெரியாது என்று குடிக்காமல் விடுவதும் தப்பு, வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்து உப்பைக் கரைத்துவிடுவதும் தப்பு.

பையூர்க்காரன் | மார்கழி 12, காலை 9.30

மாமனார் தோட்டத்துக் கெணத்துல இறங்கிட்டேன். நீளம் கயிறு போட்டு அளந்தேன், 14 மீட்டர். 1900-ஐ 14-ஆல வகுத்தா 136 தடவை. இன்னைக்கு விட்டு விட்டு 136-ம் முடிச்சேன், 68 நிமிஷம்! மேல ஆவி பறக்குது, உள்ள தண்ணி வெதுவெதுன்னு இருக்கு. படியேறி வந்த பின்னாடிதான் பல்லு தந்தி அடிச்சது. மச்சான் படியில உக்காந்து புளியங்கொட்டை வெச்சு எண்ணினான். கெடுவுக்குள்ள வந்தாச்சு இல்லையா?

கிணத்துத்தவளை | மார்கழி 12, காலை 9.48

சபாஷ்! நான் சொன்னேன்ல.

சங்கிலிச்சத்தம் | மார்கழி 12, காலை 10.05

சபாஷ் இருக்கட்டும். ஒவ்வொரு திருப்பத்துலயும் சுவரை உதைச்சீங்களா? ஒரு உதைக்கு 3 மீட்டர் சும்மா போகும். 136 உதைக்கு 400 மீட்டருக்கு மேல இனாம். கடல்ல உதைக்க சுவர் ஏது? உங்க 68 நிமிஷத்துல நீந்தினது 1500 மீட்டர்தான். அண்ணா, உங்க கெணத்து வைத்தியத்துல ஓட்டை இருக்கு.

கிணத்துத்தவளை | மார்கழி 12, இரவு 9.00

பகல் பூரா யோசிச்சேன். உதை விஷயத்துல நீ சொல்றது நியாயம்தான். (கெணறு உப்பில்லாத தண்ணி, கடல் கொஞ்சம் கூடவே தூக்கிக் குடுக்கும்கறதையும் எழுதிக்கோ, சும்மா என் பக்கத்தை மட்டும் கொறைக்காத.)

தம்பி, ரெண்டு வழி இருக்கு. நடுவுல காலி கேனை கல்லு கட்டி மிதக்க விட்டு, சுவரைத் தொடாம அதைச் சுத்தி சுத்தி வா. இல்லைன்னா பழைய சைக்கிள் டியூபை இடுப்புல கட்டி, இன்னொரு முனையை மோட்டார் பைப்புல முடிஞ்சுட்டு, நின்ன இடத்துலயே நீந்து. அதுல தூரம் கிடையாது, நிமிஷம்தான் கணக்கு. பத்து கை வீச்சுக்கு ஒரு தடவை கண்ணை மட்டும் முதலை மாதிரி தூக்கி எதிர்ல ஒரு தென்னையைப் பாரு, கடல்ல மிதவையைத் தேட அதான் பழக்கம். மூச்சைத் தண்ணிக்குள்ள முழுசா விட்டுட்டுத் திரும்பு. உள்ள காத்தை வெச்சுக்கிட்டே மேல வந்து இழுக்கறதாலதான் உனக்கு முட்டுது. தனியா மட்டும் இறங்காத. எண்றதுக்கு மச்சான் வர்றார் பாரு, காப்பாத்தவும் அவர்தான்.

தர்மபுரி டீச்சர் | மார்கழி 12, இரவு 9.20

அந்த மச்சானுக்கு நீச்சல் தெரியுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பையூர்க்காரன் | மார்கழி 12, இரவு 9.26

கடப்பாரை நீச்சல்தான் மேடம். நாளையில இருந்து மாமனாரைக் கூப்பிடறேன்.

பையூர்க்காரன் | தை 6, மாலை 5.15

நெலவரம்: நீச்சல் 3, சைக்கிள் 3, ஓட்டம் 2-ன்னு மாத்திக்கிட்டேன். ரெண்டு பேருக்கும் திருப்தி இருக்காதுன்னு தெரியும். சுவரைத் தொடாம கேனைச் சுத்தினதுல முதல் நாள் 90 மீட்டர்லயே நாக்கு தள்ளிடுச்சு. இன்னைக்கு நிக்காம 600. வலப்பக்கம் மூச்சு வந்துடுச்சு, இடப்பக்கம் இன்னும் தண்ணிதான் குடிக்கறேன். பொங்கல் லீவுல எட்டு மணிக்கு மேல கெளம்பி ஊத்தங்கரை ஒரு தடவை போய்ட்டு வந்தேன், 4 மணி 20 நிமிஷம்.

டியூப் மட்டும் ரெண்டு பிஞ்சு போச்சு. நேத்து நீந்திக்கிட்டே இருக்கறப்ப பட்டுனு அறுந்து நேராப் போய் எதிர் சுவர்ல முட்டிக்கிட்டேன்.

கிணத்துத்தவளை | தை 6, மாலை 5.40

ரேஸ் சைக்கிள் டியூப் நூல் மாதிரி இருக்கும், தாங்காது. மொபெட் டியூப் கட்டு.

சங்கிலிச்சத்தம் | தை 6, மாலை 6.02

4.20-ஆ? காத்து கம்மியா வெச்சு ஓட்டியிருப்பீங்க. மொபெட் டியூப் பழசு நாலு எங்க வீட்டுப் பரண்ல கெடக்கு, ஞாயித்துக்கிழமை கொண்டு வந்து தர்றேன். ஆனா சைக்கிளோட வரணும். மத்தூர் டீக்கடை, எட்டரை மணி. தவளை அண்ணா, ஸ்டாண்டுல நின்ன அந்த சைக்கிள் இன்னும் இருந்தா நீங்களும் வாங்க.

கிணத்துத்தவளை | தை 6, மாலை 6.30

இருக்கு. பின் டயருக்குக் காத்துப் புடிக்கணும்.