வீட்டில் கார் ஆம்ப்: சத்தம் ஏற்றினால் நின்றுவிடுகிறது

ஓவர்லாக்_திருப்பூர்:
வணக்கம். மச்சான் காரை விற்கும்போது ஆம்பையும் (ஆம்ப்ளிஃபையர்) இரண்டு 12 இஞ்ச் சப்வூஃபரையும் (பேஸ் ஸ்பீக்கர்) கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டார். எனக்கு கார் கிடையாது, மொட்டை மாடியில் ஒரு ரூம்தான். அங்கேயே ஓட்டிப் பார்க்கலாம் என்று இறங்கிவிட்டேன்.

ஆம்ப் 2 சேனல், 30 ஆம்பியர் ஃப்யூஸ். கரண்டுக்குப் பழைய கம்ப்யூட்டரின் 450 வாட் பவர் சப்ளை. பச்சை வயரைக் கருப்போடு சேர்த்தால் அது ஓடும், ஓடியது. மஞ்சள் எல்லாம் 12 வோல்ட் முனைக்கு, கருப்பு எல்லாம் கிரவுண்டுக்கு. ஆம்ப் மட்டும் செத்த மாதிரி கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போன பிறகுதான் ஆம்பை ஆன் செய்கிற ரிமோட் முனைக்கும் 12 வோல்ட் வேண்டும் என்று தெரிந்தது. மஞ்சளிலிருந்து ஒரு சின்ன வயர் இழுத்தேன், லைட் வந்துவிட்டது.

சப்வூஃபர் ஒவ்வொன்றிலும் இரண்டு காயில், ஒவ்வொரு காயிலும் 4 ஓம். எல்லா ப்ளஸ்ஸையும் ஒன்றாக, எல்லா மைனஸையும் ஒன்றாகக் கட்டி, ஆம்பை பிரிட்ஜ் செய்து, அதாவது இரண்டு சேனலையும் ஒன்றாக்கி, கொடுத்தேன். மெதுவாக வைத்தால் பிரமாதம். கொஞ்சம் ஏற்றினால் ஆம்பில் சிவப்பு லைட் வரும், இல்லையென்றால் பவர் சப்ளையே நின்றுவிடும். ஆம்ப் மேல் 1200 வாட் என்று போட்டிருக்கிறது. இரண்டில் எது போய்விட்டது?

பழைய_மைக்செட்:
தம்பி, எதுவும் போகவில்லை. பாதுகாப்பு வேலை செய்வதால்தான் இரண்டும் பிழைத்திருக்கின்றன.

நான்கு காயிலையும் பேரலலில் கட்டினால் மொத்தம் 1 ஓம். ஆம்பின் அடியில் பாருங்கள், பிரிட்ஜ் முனைக்குப் பக்கத்தில் 4 ஓம் என்று இருக்கும். பிரிட்ஜில் 1 ஓம் கொடுத்தால் ஒவ்வொரு சேனலுக்கும் அது அரை ஓம் மாதிரி. சிவப்பு லைட் வராமல் என்ன செய்யும்?

ஒரு சப்வூஃபரில் முதல் காயிலின் மைனஸை இரண்டாவது காயிலின் ப்ளஸ்ஸோடு சேருங்கள். மிச்சமிருக்கும் இரண்டு முனைக்கும் நடுவே 8 ஓம். அடுத்ததிலும் அப்படியே. இப்போது இரண்டு சப்வூஃபரையும் பேரலலில் கட்டினால் 4 ஓம். ஆம்பில் மாட்டும் முன் மல்டிமீட்டர் வையுங்கள், மூன்றரையை ஒட்டிக் காட்டினால் சரி. காயிலை அளந்தால் மீட்டர் எப்போதும் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும்.

1200 வாட்டை மறந்துவிடுங்கள். ஃப்யூஸைத்தான் நம்ப வேண்டும். 30 ஆம்பியர், 13.8 வோல்ட், பெருக்கினால் உள்ளே போவதே 414 வாட். இந்த மாதிரி ஆம்ப் பழைய ஏபி வகையாக இருந்தால் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் பாட்டாக வரும், மிச்சம் சூடாகப் போகும். 250 வாட் வந்தால் பெரிய விஷயம். ரூமுக்கு அதுவே ஜாஸ்தி.

பவர் சப்ளையின் ஸ்டிக்கரையும் படியுங்கள். 450 என்பது எல்லா வோல்ட்டும் சேர்த்த கணக்கு. 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று தனியாக இருக்கும்.

ஈரோடு_மஞ்சள்:
எதற்கு இவ்வளவு சிரமம்? வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி இருக்குமே, அதிலிருந்து இரண்டு வயர் இழுத்தால் முடிந்தது.

பழைய_மைக்செட்:
ஓடும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 150 ஏஹெச் பேட்டரியில் வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் ஃப்யூஸ் இல்லாத வயர் பழுத்துவிடும். ஒரு கோயில் கொடையில் என் ஸ்பேனர் இரண்டு முனைக்கும் நடுவே விழுந்து வெல்டிங் ஆனது, இன்னும் கடையில் தொங்குகிறது. செய்வதானால் பேட்டரியின் ப்ளஸ்ஸை ஒட்டியே ஃப்யூஸ் போடுங்கள். அப்புறம், கரண்ட் போன நேரத்தில் பாட்டும் கேட்டால் ஃபேனுக்கு மிஞ்சாது.

தம்பிக்கு நல்லது எல்இடி போர்டுக்குப் போடுகிற 12 வோல்ட் 30 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (ஒரு வகை பவர் சப்ளை). முனைகளுக்குப் பக்கத்தில் குட்டி ஸ்க்ரூ இருக்கும், மீட்டரைப் பார்த்துக்கொண்டே 13 வோல்ட்டுக்கு மேல் கொஞ்சம் ஏற்றலாம். 230 வோல்ட் முனைகளும் அதே வரிசையில் திறந்தே இருக்கும். மூடி போடாமல், எர்த் கொடுக்காமல் ஆன் செய்யாதீர்கள்.

ஓவர்லாக்_திருப்பூர்:
அண்ணா, முதலில் காயிலை மட்டும் மாற்றிக் கட்டினேன். மீட்டரில் 3.6. சிவப்பு லைட் அதோடு போய்விட்டது. ஆனால் சத்தம் ஏற்றினால் பவர் சப்ளை இன்னும் நின்றது. ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு வெறும் 16 ஆம்பியர். பழைய எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்கி, மூடி போட்டு மாட்டினேன், இப்போது நிற்பதே இல்லை.

புதுக் குழப்பம்: இரண்டு சப்வூஃபரும் ஆடுகின்றன, பேஸ் மட்டும் காணோம். ஒன்றைக் கழற்றினால்தான் நன்றாக வருகிறது!

பழைய_மைக்செட்:
ஒன்றில் ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கிறது. ஆம்பிலிருந்து கழற்றிவிட்டு, கடிகார பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ் வைத்தால் கோன் வெளியே வர வேண்டும்.

ஓவர்லாக்_திருப்பூர்:
இரண்டாவது உள்ளே போனது. மாற்றிவிட்டேன். ஆம்பில் பேஸை மட்டும் விடுகிற ஃபில்டர் 80 ஹெர்ட்ஸில் இருக்கிறது. பீரோ கண்ணாடி அதிர்கிறது, கீழ் வீட்டு அக்கா ஏற்கெனவே ஒருமுறை மேலே வந்துவிட்டுப் போனார்.

பழைய_மைக்செட்:
பெட்டியை மூலையிலா வைத்திருக்கிறீர்கள்? சுவரைவிட்டு இரண்டடி தள்ளி வையுங்கள். அடியில் பழைய ரப்பர் மேட் ஒன்றும் போடுங்கள்.