புதுப்பிப்பு: லாரி கேபினில் புழுக்கமில்லாமல் தூங்க, ஃபேனும் பாயும்

கத்திரி வெயிலில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் லோடுக்குக் காத்திருப்பவர்கள் கேபினில் எப்படித் தூங்குவது என்று முன்பு எழுதியிருந்தேன். எந்த ஃபேன் வாங்குவது, பேட்டரியில் எப்படி இணைப்பது என்றுதான் அதிகக் கேள்வி வந்தது.

லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி சீரிஸில் (ஒன்றோடு ஒன்று தொடராக) சேர்ந்து 24 வோல்ட். 12 வோல்ட் கார் ஃபேன் மலிவு என்று ஒரே பேட்டரியிலிருந்து வயர் இழுக்காதீர்கள். அந்தப் பேட்டரி மட்டும் இறங்கும், சார்ஜ் ஆகும்போது மற்றது அளவுக்கு மீறி ஏறும். கடைசியில் இரண்டும் போய்விடும். 24 வோல்ட் ஃபேனே வாங்குங்கள். 20 வாட் என்றால் ஒரு ஆம்பியருக்கும் குறைவு, 8 மணி நேரம் ஓடினாலும் 7 ஆம்பியர்-அவர்தான். நல்ல பேட்டரிக்கு அது ஒன்றுமே இல்லை. பிளஸ் வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே, 3 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம்.

படுத்தவுடன் ஃபேனை முகத்துக்கு நேராகத் திருப்பினால் சூடான காற்றுதான் சுற்றும். முதலில் ஒரு பக்க ஜன்னலைப் பார்த்து வைத்து, உள்ளே இருக்கும் வெக்கையை வெளியே தள்ளுங்கள்; எதிர் ஜன்னலும் திறந்திருக்கணும். கொசுவலையை ஜன்னல் சட்டத்தில் காந்தத்தால் ஒட்டலாம்.

ரெக்சின் மெத்தை வியர்வையை உறிஞ்சாது, முதுகு நசநசக்கும். மேலே கோரைப்பாய், அதன்மேல் பருத்தி வேட்டி போதும்.

ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். புகை உள்ளே கசிந்தால் அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உயிரையே எடுத்துவிடும்; அதற்கு வாசனையே கிடையாது.