இம்மிப் பசுமிதவை: ஒரு பரிந்துரை

நண்பர்களே,

துருவக் கடல்களில் ஒளிச்சேர்க்கை செய்யும் மிகச் சிறிய மிதவை உயிர்களுக்கு (ஆங்கிலத்தில் picophytoplankton) ‘பிக்கோ நுண்பாசி’ என்று இங்கே முன்மொழிந்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

முதலில் ‘பாசி’. மிதவை உயிர்களை மைக்ரோ, நானோ, பிக்கோ என்று பிரிக்கும் வகைப்பாடு உயிரினங்களின் உறவுமுறை பார்ப்பதில்லை. உருவளவை மட்டுமே பார்க்கிறது. 1978-இல் கடல் நுண்ணுயிரியலாளர் சீபர்த்தும் உடன் ஆய்வாளர்களும் வகுத்தபடி 20 முதல் 200 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை மைக்ரோ, 2 முதல் 20 வரை நானோ, 0.2 முதல் 2 வரை பிக்கோ. ஆர்க்டிக்கில் கடைசி வகுப்பில் கோலோச்சுவது மைக்ரோமோனாஸ் என்ற பச்சைப்பாசி. (பெயரில் மைக்ரோ, வகுப்போ பிக்கோ!) வெப்பக் கடல்களில் அதே இடத்தை நிரப்பும் புரோகுளோரோகாக்கஸ் ஒரு பாக்டீரியா. பாசி என்றால் அது வெளியே போய்விடும். தாவரம் என்றாலும் அதே கதிதான். எல்லாவற்றுக்கும் பொதுவானது பச்சையம். ஆகவே ‘பசுமிதவை’. மாடு நினைவுக்கு வருகிறது என்பீர்கள். பசுங்கணிகம், பசுமரம் எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றனவே.

அடுத்து ‘பிக்கோ’. அளவையியலில் அது லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஒரு பிக்கோமீட்டர் அணுவைவிடச் சிறியது, அதில் எந்தச் செல் அடங்கும்? இங்கே அது எண் அல்ல, வரிசையில் ஒரு படி, அவ்வளவுதான். மைக்ரோவுக்கு ‘நுண்’ போய்விட்டது, நானோவுக்குச் சிலர் ‘மீநுண்’ என்கிறார்கள். பிக்கோவுக்கு நம் பழைய பின்ன வாய்பாட்டிலிருந்து ‘இம்மி’யை எடுக்கலாம். இம்மியளவும் என்று பேச்சில் இன்னும் புழங்கும் சொல், விளக்கம் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. இது இனப்பெயர் ஆகிவிடக் கூடாது. தென்துருவத்து ஃபியோசிஸ்டிஸ் என்ற பாசி தனிச் செல்லாக இருந்தால் சில மைக்ரான், அதாவது மீநுண். கூட்டமாகத் திரண்டால் மில்லிமீட்டர் கணக்கில் வளர்ந்து கண்ணுக்கே தெரியும். ஒரே இனம், இரண்டு வகுப்பு. மைக்ரோமோனாஸில் நேர்மாறு: உருவத்தில் பிரித்தறிவது கடினம் என்பதால் நெடுங்காலம் ஒரே இனமாக எண்ணப்பட்டது, மரபணு வரிசையைப் பார்த்த பிறகுதான், 2017-இல், ஆர்க்டிக் வகை மைக்ரோமோனாஸ் போலாரிஸ் என்று தனி இனமானது. ஆகவே இனப்பெயர்களை ஒலிபெயர்ப்போம், அளவு வகுப்பை மட்டும் தமிழாக்குவோம்.

சரி, ‘இம்மிப் பசுமிதவை’யில் ஒற்று மிகுமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.