பாங்காக் முதல் தடவை: ஏர்போர்ட்டில் இறங்கினதும் ரயிலா, டாக்ஸியா?

திருச்சி_பையன்:
அம்மா அப்பாவோட சென்னையிலிருந்து பாங்காக் போறோம். சுவர்ணபூமி ஏர்போர்ட்ல காலை 6 மணிக்கு இறங்கணும், வியாழக்கிழமை. தங்குறது சீலோம் ரோட்டுப் பக்கம், சாலா தேங் ஸ்டேஷன் கிட்ட. ரெண்டு பெரிய பெட்டி இருக்கு. ரயில்ல போகலாமா? அம்மா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. மறுநாள் அரண்மனை பார்க்கணும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தண்டவாளம்:
முதல்ல டிஜிட்டல் அரைவல் கார்டு. 2025 மே மாசத்துலேர்ந்து கட்டாயம். இறங்குறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள தாய்லாந்து இமிக்ரேஷன் தளத்துல ஆளுக்கு ஒண்ணு நிரப்பணும். இலவசம். காசு கேட்டா அது போலித் தளம், மூடிட்டு வெளிய வாங்க.

இமிக்ரேஷன் முடிச்சு வெளிய வர்றது ரெண்டாம் தளம். அங்க இருக்கிற கவுண்டர்ல பணம் மாத்தாதீங்க. அடித்தளத்துக்கு இறங்கினா ரயில் ஸ்டேஷன் பக்கத்துல வரிசையா மாற்றுக் கடைகள், ரேட் நல்லாவே கிடைக்கும். எல்லாத்தையும் ஆயிரம் பாட் நோட்டா வாங்கிடாம நூறும் இருபதுமா கொஞ்சம் கேளுங்க. டாக்ஸிக்காரர்கிட்ட சில்லறை இருக்காது. இருந்தாலும் இருக்காது.

ஏர்போர்ட் ரயில் 5:30க்கே ஓட ஆரம்பிச்சிடும். கடைசி ஸ்டேஷன் பயா தாய், 45 பாட், அரை மணிக்குள்ள போயிடும். அங்க பிடிஎஸ்ங்கிற பறக்கும் ரயிலுக்கு மாறி சியாம்ல இறங்குங்க. படி ஏற வேண்டாம், அதே பிளாட்ஃபாரத்தோட எதிர்ப்பக்கம் பாங் வா போற வண்டி வரும். அதுல ரெண்டாவது ஸ்டேஷன் சாலா தேங். புதுசா வர்றவங்க மாட்டிக்கிறது டிக்கெட்லதான். ஏர்போர்ட் ரயில், பிடிஎஸ், எம்ஆர்டிங்கிற சுரங்க ரயில் மூணும் தனித்தனி. ஒண்ணுல வாங்கின டிக்கெட் இன்னொண்ணுல செல்லாது, மாறும்போதெல்லாம் புதுசா வாங்கணும். எம்ஆர்டி கேட்ல விசா, மாஸ்டர் கான்டாக்ட்லெஸ் கார்டைத் தட்டினாலே திறக்கும்.

மீட்டர்_மணி:
பெரியவங்க, ரெண்டு பெட்டி, ஆபீஸ் நேரத்து பிடிஎஸ் கூட்டம். இதுக்கு நான் டாக்ஸிதான் சொல்லுவேன். முதல் தளத்துல டச் ஸ்கிரீன் மெஷின் இருக்கும். தொட்டா சீட்டு வரும், அதுல இருக்கிற எண்ணுள்ள தடத்துக்குப் போகணும். சீட்டை டிரைவர்கிட்ட கொடுத்துடாதீங்க, தகராறு வந்தா புகார் கொடுக்க அதுதான் ஆதாரம். மீட்டர் 35 பாட்ல ஆரம்பிக்கும், ஏர்போர்ட் கட்டணம் 50 தனி, எக்ஸ்பிரஸ்வே டோலும் உங்க கணக்கு. ஹாலுக்குள்ளேயே வந்து “டாக்ஸி, டாக்ஸி”ன்னு கூப்பிடுறவங்க பின்னாடி போகாதீங்க.

தண்டவாளம்:
மணி சொல்றது ஞாயித்துக்கிழமைன்னா சரி. வியாழக்கிழமை ஏழு மணிக்கு மேல எக்ஸ்பிரஸ்வேயை விட்டு இறங்கின இடத்துலயே நிக்க வேண்டி வரும். பெட்டிதான் பயம்னா ஏர்போர்ட் ரயில் வழியில வர்ற மக்கசான் ஸ்டேஷன்ல இறங்குங்க. நடைபாலம் தாண்டி பெட்சபுரி எம்ஆர்டி, அங்கேர்ந்து அஞ்சாவது ஸ்டேஷன் சீலோம். லிஃப்ட் இருக்கு, சாலா தேங்குக்கு நடைபாதையும் உண்டு.

பச்சைமிளகா:
அம்மாவுக்கு: தாய் மொழியில சைவத்துக்கு “மங்சவிரட்”னு கேட்டா முட்டை வரலாம். “ஜே”ன்னு கேளுங்க. மஞ்சள் கொடியில சிவப்பா 17 மாதிரி ஓர் எழுத்து தொங்கும், அந்தக் கடைதான். கறி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்க மாட்டாங்க. மத்த கடைகள்ல காய் வறுவல்லகூட மீன் சாஸ் விழும். “மை சாய் நாம் ப்லா”ன்னு முதல்லயே சொல்லணும். பப்பாளி சாலட் பார்க்கச் சைவம்தான், உரல்ல காய்ஞ்ச இறாலையும் போட்டு இடிப்பாங்க. சீலோம் ரோட்டுலயே, பான் ரோடு முனையில, மாரியம்மன் கோவில் இருக்கு. 19-ஆம் நூற்றாண்டுல அங்க குடியேறின தமிழர்கள் கட்டினது. அந்தப் பக்கம் இந்திய ஓட்டல்களும் உண்டு.

படகுத்துறை:
அரண்மனைக்கு சாதோர்ன் துறையிலேர்ந்து ஆரஞ்சு கொடி படகு, ஆளுக்கு 16 பாட். துறையில நீலக் கொடி சுற்றுலாப் படகு டிக்கெட்டைத்தான் முதல்ல நீட்டுவாங்க, விலை கூட. ஆரஞ்சுன்னு அழுத்திச் சொல்லுங்க. உள்ள ஏறினதும் கண்டக்டர் கையில நீளமான தகரக் குழாய், டிக்கெட்டும் சில்லறையும் அதுக்குள்ளதான். டக் டக்னு தட்டிக்கிட்டே வருவாங்க. தா சாங் துறையில இறங்கணும்.

மதில் ஓரமா டிப்டாப்பா ஒருத்தர் நின்னு “இன்னைக்கு மூடியிருக்கு, பூஜை”ம்பார். நம்பாதீங்க. அடுத்த வரி 20 பாட்டுக்கு டுக் டுக்ல ஊர் சுத்திக் காட்டுறேன்னு இருக்கும், வண்டி போய் நிக்கிறது நகைக்கடையிலயோ தையல்கடையிலயோ. கமிஷன் அவங்களுக்கு. நா ப்ரா லான் ரோட்டுப் பெரிய வாசலுக்கே நடந்து போய்ப் பாருங்க. 8:30க்குத் திறக்கும், டிக்கெட் 500 பாட், மூணரைக்கு நிறுத்திடுவாங்க.

திருச்சி_பையன்:
ரொம்ப நன்றி. ரயில்தான். அப்பா அரை டிராயர்ல போகலாமா? வெயில் தாங்க மாட்டார்.

படகுத்துறை:
முடியாது. முழு பேன்ட், தோள் மூடின சட்டை. கிழிஞ்ச ஜீன்ஸுக்கும் தடை. உங்க அம்மாவுக்கு சுடிதார் போதும். இன்னொண்ணு, காலை 8க்கும் மாலை 6க்கும் ஸ்டேஷன்ல தேசிய கீதம் போட்டா எல்லாரும் அப்படியே நிப்பாங்க. நீங்களும் நில்லுங்க, ஒரு நிமிஷம்தான்.