டிம் டங்கனின் போர்டு ஷாட்: நுணுக்கமாகக் கவனித்தவர்கள் எழுதுங்கள்

அமெரிக்க NBA கூடைப்பந்து ஆட்டக்காரர் டிம் டங்கன்: 19 சீசன், சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் என்ற ஒரே அணி, 5 சாம்பியன்ஷிப் (1999, 2003, 2005, 2007, 2014), 26,496 புள்ளிகள், 15,091 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது). 2016-ல் ஓய்வு. இந்தப் பட்டியல் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. அவர் ஆடிய விதத்தை உன்னிப்பாகப் பார்த்தவர்கள் எழுதினால் பழகும் பிள்ளைகளுக்கு உதவும்.

*

போர்டு ஷாட்தான் முதலில்: ரிங்குக்குப் பின்னால் உள்ள போர்டில் பந்தை மோதவைத்து ரிங்குக்குள் விழச் செய்வது. ரிங்குக்கு இடப்பக்கம், 10–15 அடி தள்ளி, போர்டுக்கு ஏறத்தாழ 45 டிகிரியில் பந்தை வாங்கி ரிங்கைப் பார்த்துத் திரும்புவார். ஒரு கால் ஊன்றியிருக்க, மறுகாலால் சின்னதாக ஓர் எட்டு. டிஃபென்டர் பின்வாங்கினால் அங்கேயே ஷாட்; நெருங்கி வந்தால் பந்தைத் தரையில் ஒருமுறை தட்டி (டிரிபிள்) அவரைத் தாண்டிப் போவார்.

குறி, ரிங்குக்கு மேலே போர்டில் வரைந்திருக்கும் சதுரத்தின் நடுவில் இல்லை; தன் பக்கத்து மேல் மூலையில். ரிங்கின் மையம் போர்டிலிருந்து சுமார் 38 செ.மீ., பந்தின் ஆரம் 12 செ.மீ. ஆக, போர்டில் பட்ட பந்து 26 செ.மீ. வெளியே வந்தால் மையத்தில் விழும். 45 டிகிரியில் வந்த பந்து அதே அளவு பக்கவாட்டிலும் நகரும். மோதலில் வெளிநோக்கிய வேகம் மட்டும் கொஞ்சம் குறைவதால் பக்கவாட்டு நகர்வு இன்னும் சற்றுக் கூடும். சதுரத்தின் பாதி அகலம் ஏறக்குறைய 30 செ.மீ. கோட்டை ஒட்டிய அந்த மூலைக்குக் காரணம் இதுதான்.

*

மேலே எழுதிய அண்ணா சொன்ன கணக்கை வைத்தே தவறுகளையும் பிடித்துவிடலாம். நடுவில் அடித்தால் பந்து எதிர்ப்பக்க ரிங்கில் பட்டுத் தெறிக்கும். வளைவு இல்லாமல் தட்டையாக எறிந்தால் போர்டிலிருந்து வேகமாகத் திரும்பி, ரிங்கைத் தாண்டி முன்னால் விழும். விரல் நுனியிலிருந்து பின்சுழற்சியோடு விட வேண்டும். அந்தச் சுழற்சி போர்டில் உரசும்போது பந்தைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. இடக்கைக் கட்டைவிரல் பந்தைத் தள்ளிவிட்டால் பக்கச்சுழற்சி வந்து கோணமே கெடும். பேஸ்லைனை (ரிங்குக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடு) ஒட்டி நின்று இதை முயலவே கூடாது, போர்டில் கோணம் கிடைக்காது.

*

பிளாக்கையும் (எதிரணி எறியும் ஷாட்டைக் கையால் தடுப்பது) சேர்த்துப் பேசுங்கள். பந்தை கேலரிக்கு அறைந்து அனுப்பினால் அது எதிரணிக்கே திரும்பும். டங்கன் கையை நேராக உயர்த்தி, முடிந்தவரை பந்தைக் கோர்ட்டுக்குள்ளேயே தட்டிவிடுவார். 2003 இறுதித் தொடரின் 6-ஆம் ஆட்டத்தில் 21 புள்ளி, 20 ரீபவுண்ட், 10 அசிஸ்ட் (கூடை விழ வழிசெய்த பாஸ்), 8 பிளாக். ஒரு பெரிய ஆட்டக்காரர் ஒரே இரவில் எத்தனை வேலை செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

*

நீண்ட நாள் ஆடியதன் பின்னணியில் நிமிடக் கணக்கு இருக்கிறது. 2002–03-ல் ஆட்டத்துக்குச் சராசரி 39.3 நிமிடம், 2010–11-ல் 28.4. பயிற்சியாளர் போப்போவிச் நிமிடத்தைக் குறைத்தார், டங்கன் உடல் எடையைக் குறைத்து முழங்காலைக் காத்தார். 2013 இறுதித் தொடரில் மயாமி ஹீட் அணியுடனான 7-ஆம் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் ரிங்குக்கு அருகிலேயே வாய்ப்பு தவறியது. அடுத்த ஆண்டு, 38 வயதில், அதே மயாமியை 4–1 என வென்றார்.

*

பழகுபவர்களுக்கு ஒன்று: மரப்பலகை போர்டும் கண்ணாடி போர்டும் ஒரே மாதிரி எறியாது. தளர்ந்த போர்டு பந்தின் வேகத்தை விழுங்கிவிடும். வார்ம்-அப்பில் சதுரத்தின் இரண்டு பக்க மூலையிலும் சில ஷாட் போட்டுப் பார்த்துவிட்டு அன்றைய குறியை முடிவு செய்யுங்கள்.